சாதி நாய்க்கும் வயசு போகும்

பேஸ்புக்கில் செல்லப்பிராணிக் குழு ஏதாவது ஒன்றில் இருக்கிறீர்கள் என்றால் இந்த மாதிரியான விளம்பரம் கண்ணில் பட்டிருக்கும். குடும்பத்தோட வெளிநாடு போகினம், வளர்த்த நாயை நல்ல மனமுள்ள ஆக்களுக்குக் கொடுக்க வேணும், காசு வேண்டாம். கீழே ஒரு அல்சேஷனின் படம். முதல் கேள்வி, பெட்டையா கடுவனா? இரண்டாவது, பேப்பர் இருக்கா? மூன்றாவது, என்ன வயசு? எட்டு என்று பதில் வந்ததும் கேள்விகள் நின்றுவிடும். அதே குழுவில் இரண்டு மாதக் குட்டியின் படம் போட்டால், விலை எவ்வளவு என்று கேட்டு பத்துப் பேர் இன்பொக்ஸுக்கு வருவார்கள்.

எங்கட ஊரில் விலை கொடுத்து வாங்கி வளர்க்கும் நாய்க்கு 'சாதி நாய்' என்று பெயர். மற்றதெல்லாம் ஊர் நாய். சாதி பார்க்கக் கூடாது என்று மேடையில் பேசுகிற நாங்கள், நாயைப் பற்றிக் கதைக்கும்போது அந்தச் சொல்லைக் கொஞ்சமும் கூசாமல் பாவிக்கிறோம். ஆனால் வயசு போனதும் அந்தச் சாதி நாயைக் காப்பாற்றுவதில்லை. குட்டியாக வந்தபோது வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்ட அதே நாயை, பின்னங்கால் இழுக்கத் தொடங்கியதும் யாராவது சும்மா கொண்டுபோனால் போதும் என்கிறோம்.

இந்த இடத்தில்தான் 'பிரீட் ரெஸ்கியூ' பற்றிக் கதைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பல காலமாக நடக்கிற வேலை இது. ஒரு இனத்தை நன்றாகத் தெரிந்த ஆட்கள் சேர்ந்து, கைவிடப்பட்ட அந்த இன நாய்களைப் பொறுப்பெடுத்து, தங்கள் வீடுகளில் வைத்துப் பராமரித்து, புது வீடு தேடிக் கொடுப்பார்கள். பல குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை. தொலைபேசி, கார், நாயைக் கொஞ்சக் காலம் வைத்துப் பார்க்கும் வீடுகள், ஒரு மிருக வைத்தியர், அவ்வளவுதான். அரச காப்பகத்திலோ தனியார் காப்பகத்திலோ ஒரு லப்ரடோர் வந்து சேர்ந்தால், காப்பகம் லப்ரடோர் குழுவுக்கு அழைப்பு எடுக்கும். குழு வந்து கூட்டிக்கொண்டு போகும்.

இதில் நன்றாகத் தெரிந்த உதாரணம் கிரேஹவுண்ட். பந்தயத்தில் ஓடவிடும் நாய் அது. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் அதன் ஓட்டம் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் பல வருசம் வாழும். இந்த நாய்களுக்கு வீடு தேடவென்று பிரித்தானியாவில் 1975 இல் ஒரு அமைப்பு தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் கிரேஹவுண்ட் ட்ரஸ்ட். அமெரிக்காவின் புளோரிடா மாநில மக்கள் 2018 இல் வாக்களித்து நாய்ப் பந்தயத்தையே தடை செய்தார்கள். 2020 முடிய முன்னம் பந்தயத் திடல்கள் மூடப்பட வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான நாய்களுக்கு ஒரே நேரத்தில் வேலை போனது. அவற்றை மற்ற மாநிலங்களுக்கு ஏற்றி அனுப்பி வீடு பிடித்துக் கொடுக்க, பல வருசமாக அந்த ஒரு இனத்துக்காகவே இயங்கிய குழுக்கள் இருந்தன.

சரி, இனத்தை வைத்துப் பிரிப்பதால் வயசான நாய்க்கு என்ன நன்மை?

காப்பகத்தில் வயசான நாயை ஒருவரும் எடுக்காததற்குக் காரணம் சனத்துக்கு இரக்கம் இல்லாதது என்று நான் நம்பவில்லை. பயம்தான் காரணம். இனி இந்த நாய்க்கு என்ன வரும், எவ்வளவு செலவாகும், என்னால் சமாளிக்க ஏலுமா என்று தெரியாது. குட்டியிடம் இந்தக் கேள்விகளைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஒரு இனத்தோடு பத்துப் பதினைந்து வருசம் வாழ்ந்தவருக்கு இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியும். அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டுப் பிரச்சினை வரக்கூடும், வழுவழுப்பான டைல்ஸ் நிலத்தில் எழும்பக் கஷ்டப்படும், பழைய சாக்கையோ றப்பர் பாயையோ விரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்று அவருக்குத் தெரியும். பொமரேனியனுக்குப் பல் சீக்கிரம் பழுதாகும், மூச்சுக்குழாய் பலவீனப்பட்டு வாத்து கத்துவதுபோல இருமும், அதற்குக் கழுத்துப்பட்டி போடாமல் நெஞ்சுப்பட்டி போட வேண்டும் என்பார். டாஷண்ட் என்றால் முதுகெலும்பு, மாடிப்படி ஏறவிடக் கூடாது. டால்மேஷன் என்றால் சிறுநீரில் கல், தண்ணீர் நிறையக் குடிக்க வைக்க வேண்டும். லப்ரடோர் எவ்வளவு சாப்பிட்டாலும் பசிப் பார்வை பார்க்கும், அதை நம்பிச் சோற்றைப் போட்டால் உடம்பு ஏறி மூட்டுப் போகும்.

நாய்களுக்கு முதுமை ஒரே வயதில் வருவதுமில்லை. கிரேட் டேன் ஆறு வயசிலேயே கிழவன். பொமரேனியன் பத்து வயசிலும் துள்ளும். எட்டு வயசு என்ற ஒரே எண் இரண்டு நாய்களுக்கு இரண்டு அர்த்தம். இதைச் சொல்லித்தர ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால், கிழட்டு நாய் என்று கடந்து போகிறவர் நின்று பார்ப்பார். அன்போடு சேர்த்துத் தகவலையும் கொடுப்பதுதான் இந்தக் குழுக்களின் பலம்.

வயசான நாயின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். அது வளர்ந்து முடிந்த நாய். எவ்வளவு பெருக்கும், பிள்ளைகளோடு எப்படி, பூனையைக் கண்டால் துரத்துமா, கோழியைப் பிடிக்குமா என்பதெல்லாம் ஏற்கெனவே தெரியும். செருப்பைக் கடிக்கும் காலம் போய்விட்டது. பெரும்பாலும் வெளியில் போய்த்தான் மூத்திரம் பெய்யப் பழகியிருக்கும். அப்படிப்பட்ட நாய் காப்பகத்தில் மந்தமாக, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது என்றால், அதன் குணம் அப்படி என்று முடிவெடுக்கக் கூடாது. எட்டு வருசம் ஒரு வீட்டின் சத்தத்துக்கும் வாசத்துக்கும் பழகிய உயிர், நாற்பது நாய்கள் குரைக்கும் இடத்தில் நித்திரை இல்லாமல் இருக்கிறது. கூண்டு முன்னால் ஐந்து நிமிசம் நின்று பார்த்தால் அதன் உண்மைக் குணம் தெரியாது. ஒரு வீட்டில் இரண்டு கிழமை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் இந்தக் குழுக்கள் கூண்டை விட்டு வீட்டை நம்புகின்றன.

இப்போது எங்கட பக்கம் வருவோம். அமெரிக்காவில் இந்தக் குழுக்களின் அவசரத்துக்குக் காரணம், இடம் இல்லாத காப்பகங்களில் நாய்களை ஊசி போட்டு முடித்துவிடுவார்கள் என்பது. இலங்கையில் நிலைமை வேறு. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை என்ற கொள்கை 2006 இல் வந்தது. நல்ல முடிவு. ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. இங்கே காப்பகத்துக்குள் போகும் வயசான நாய்க்கு முன்னால் இருப்பது ஊசியில்லை, மிச்ச வாழ்நாள் முழுக்க அங்கேயே இருப்பது. வடக்கில் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் இருக்கிறது. தெற்கிலும் தனியார் காப்பகங்கள் இருக்கின்றன. இப்படியான இடங்கள் செய்வது பெரிய வேலை. ஆனால் எந்தக் காப்பகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. உள்ளே போன நாய் வெளியே வராவிட்டால், அடிபட்டு றோட்டில் கிடக்கும் அடுத்த நாய்க்கு இடம் இல்லை. ஆகவே வயசான நாய்க்கு வீடு தேடுவது அந்த ஒரு நாய்க்கு மட்டும் செய்யும் உதவி இல்லை.

இந்த நாய்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் மறைக்கத் தேவையில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்குப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். இறக்குமதி நாய்ச் சாப்பாட்டின் விலை எங்கேயோ போனது, மருந்தும் அப்படியே. அதே காலத்தில் பாஸ்போட் வரிசையும் நீண்டது. வீடு காலியாகும்போது தளபாடத்தை விற்கலாம், மோட்டார் சைக்கிளை விற்கலாம். எட்டு வயசு நாயை என்ன செய்வது? கூட்டிக்கொண்டு போக வழி இல்லை என்று சொல்ல முடியாது. பிரித்தானியாவுக்கு என்றால் மைக்ரோசிப், விசர்நாய்த் தடுப்பூசி, முப்பது நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. செலவும் பெரியது. கனடா 2022 செப்டெம்பரில் இருந்து விசர்நாய் நோய் அபாயம் கூடிய நாடுகளிலிருந்து விற்பனைக்கும் தத்துக்கும் நாய்கள் வருவதை நிறுத்திவிட்டது. அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. சொந்த நாயைக் கொண்டுபோகும் வழி இன்னும் இருக்கிறது. ஆனால் இங்கே கைவிட்டுவிட்டு, கனடாவில் யாராவது நல்ல மனிசர் தத்தெடுப்பார் என்று இருக்க முடியாது. இங்கே இருக்கும் நாய்க்கு இங்கேதான் வீடு தேட வேண்டும்.

இன்னொரு ஊற்று, குட்டி வியாபாரம். பெட்டை நாயை வாங்கி, ஒவ்வொரு முறை வெப்பத்துக்கு வரும்போதும் கடுவனோடு சேர்த்து, குட்டிகளை விற்பார்கள். ஆறு ஏழு வயசில் குட்டி குறைந்ததும் அந்தத் தாய்க்கு அங்கே வேலை இல்லை. முலை தொங்கி, முடி கொட்டிப்போய் தெருவில் திரியும் 'சாதி' நாயைக் கண்டால், அது வழி தவறி வந்தது என்று உடனே நினைக்காதீர்கள். சட்டம் இதற்கு என்ன செய்யும் என்று கேட்டால், எங்களிடம் இருப்பது 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதில் எழுதப்பட்ட தண்டப்பணம் நூறு ரூபா. நூறு ரூபாவுக்கு இப்ப நல்ல ரீ ஒன்று குடிக்க ஏலாது.

இதற்கு வரும் மறுப்புகளைப் பார்ப்போம். முதலாவதும் நியாயமானதும் இது: தெருவில் இவ்வளவு ஊர் நாய்கள் கிடக்க, காசுக்காரர் வளர்த்த சாதி நாய்களுக்கு ஏன் தனிக் குழு? நாய்க்குள்ளேயும் சாதி பார்ப்பதா?

இந்தக் கேள்வியில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். பரம்பரைப் பத்திரம் இருந்தால்தான் எடுப்போம், கலப்பு என்றால் எடுக்க மாட்டோம் என்று சொல்லும் குழு எனக்குத் தேவையில்லை. ஆனால் இன நாய்க்கு வரும் ஆபத்தும் வேறு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஊர் நாய் இந்த வெயிலுக்கும் இந்தத் தெருவுக்கும் ஏற்ற உடம்போடு பிறந்தது. குப்பைமேட்டில் சாப்பாடு தேடத் தெரியும், எந்த ஒழுங்கையில் எந்தக் கூட்டம் என்று தெரியும். எட்டு வருசம் கேற்றுக்குள் வளர்ந்த அல்சேஷனை ஒரு சந்தியில் இறக்கிவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. உண்ணி ஏறும், உண்ணிக் காய்ச்சல் வரும், மற்ற நாய்கள் கடிக்கும், வாகனத்துக்கு விலகத் தெரியாது. அப்படிப்பட்ட உடம்பையும் பழக்கத்தையும் ஆக்கியது மனிசர்தான். அந்தப் பொறுப்பை ஊர் நாயின் பெயரைச் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு, மனிசருக்கே சாப்பாடு இல்லாத நாட்டில் கிழட்டு நாய்க்கு என்ன செலவு என்பது. உண்மையில் இங்கே நான் கேட்பது புதுக் காசு இல்லை. பல வீடுகளில் நாய்க்கென்று ஒரு செலவு ஏற்கெனவே போகிறது. புதுக் குட்டிக்குக் கொடுக்கும் விலையில் வயசான நாய் ஒன்றின் பல மாத மருந்துச் செலவு முடிந்துவிடும். குட்டி வாங்காமல் இருப்பதால் குட்டி வியாபாரிக்குப் போகும் காசும் குறையும்.

மூன்றாவது மறுப்பை யாரும் வாயால் சொல்வதில்லை. எடுத்து இரண்டு வருசத்தில் செத்துப்போகுமே என்பது. செத்துப்போகும்தான். அழுகையும் வரும். ஆனால் குட்டியில் இருந்து வளர்த்தாலும் அந்த நாள் வரும். இரண்டு வருசம் குறைவு என்று நாங்கள் சொல்வது எங்கட கணக்கில். பத்து வருசம் வாழும் நாய்க்கு இரண்டு வருசம் அதன் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு.

வெளிநாட்டுக் குழுக்களிடம் இருந்து எடுக்கக்கூடிய சில ஏற்பாடுகள் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் 2007 இல் தொடங்கிய மட்வில் என்ற அமைப்பு ஏழு வயசுக்கு மேற்பட்ட நாய்களுக்கு மட்டுமே வீடு தேடுகிறது, இனம் பார்ப்பதில்லை. வயசான மனிசருக்கு வயசான நாய் என்று ஒரு திட்டமும் வைத்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் ஓல்ட் டோக் ஹேவன் இன்னொரு வழி வைத்திருக்கிறது. இனி வீடு கிடைக்காது என்ற நிலையில் இருக்கும் நாயை ஒரு குடும்பம் கடைசிவரை வைத்துப் பார்க்கும், வைத்தியச் செலவை அமைப்பு கொடுக்கும்.

இந்த முதியவருக்கு முதிய நாய் என்ற யோசனையை யாழ்ப்பாணத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் எல்லாம் வெளியில், பெரிய வளவு, அம்மாவும் அப்பாவும் மட்டும். தனியாக இருக்கினம், ஒரு நாய் இருந்தால் நல்லது என்று நினைத்து, லீவில் வந்த மகன் ஒரு குட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். எழுபது வயசு அம்மாவுக்கு அந்தக் குட்டியைச் சமாளிக்க ஏலாது. இழுத்து விழுத்தும், பூச்சாடியைக் கிண்டும். அம்மாவின் காலத்துக்குப் பிறகும் அது இருக்கும், அதன் கதை மறுபடியும் காப்பகத்தில் முடியும். அந்த வீட்டுக்கு ஒரு எட்டு ஒன்பது வயசுச் சின்ன நாய் பொருத்தம். மெதுவாக நடக்கும், கேற்றடியில் யாராவது வந்தால் குரைக்கும், மிச்ச நேரம் விறாந்தையில் படுத்திருக்கும். மருந்துச் செலவை மகன் அங்கிருந்து அனுப்பலாம். அம்மாவுக்கு ஏதாவது ஆனால் நாயைத் திரும்பப் பொறுப்பெடுக்க ஒரு குழு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் குழுவைத் தொடங்கக் காணியும் கட்டடமும் தேவையில்லை. ஒரு மாவட்டத்தில் அல்சேஷன் வளர்த்த அனுபவம் உள்ள இரண்டு பேர், பொமரேனியன் தெரிந்த இரண்டு பேர், ஊர் நாய்களோடு வேலை செய்த நாலு பேர், தற்காலிகமாக வைத்துப் பார்க்க ஐந்து வீடு, ஒரு வட்ஸ்அப் குழு. அதோடு நாலு விதி, விட்டுக்கொடுக்காமல்.

ஒன்று, கருத்தடை செய்யாமல் எந்த நாயும் கைமாறக் கூடாது. உடல்நிலை காரணமாகச் செய்ய முடியாது என்று வைத்தியர் சொன்னால் மட்டும் விலக்கு. இது இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் சாதிப் பெட்டையைத் தேடி முதலில் வரிசையில் நிற்பது குட்டி வியாபாரிதான்.

இரண்டு, ஒவ்வொரு நாய்க்கும் உண்மை எழுதிய ஒரு தாள். வயசு, தடுப்பூசித் திகதிகள், உண்ணிக் காய்ச்சல் இரத்தப் பரிசோதனையின் முடிவு, என்ன சாப்பிடும், எங்கே படுக்கும், திருவிழா வெடிக்குப் பயப்படுமா, யாரையாவது கடித்திருக்கிறதா. கடித்ததை மறைத்துக் கொடுக்கிறவர் நாய்க்கு நல்லது செய்யவில்லை. அது இன்னொரு வீட்டில் மறுபடியும் கடிக்கும், பிறகு அந்த நாய்க்கு எங்கேயும் இடமில்லை.

மூன்று, இரண்டு கிழமைப் பரீட்சைக் காலம். சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், யாரும் ஏச மாட்டார்கள். இரண்டு மாதம் அல்ல, இரண்டு வருசம் கழிந்தாலும் அந்த நாய் குழுவிடம்தான் திரும்பி வர வேண்டும், வேறு கைக்குப் போகக் கூடாது.

நாலு, இனத்தைத் தகவலாக மட்டும் பார்ப்பது. அல்சேஷனின் தாளில் இடுப்பைக் கவனிக்கச் சொல்லி எழுதுவது போல, பெயர் தெரியாத பதினொரு வயசு ஊர் நாயின் தாளில் அதன் கதையை எழுதுவோம். எந்தக் கடைக்கு முன்னால் கிடந்தது, யார் சோறு வைத்தார்கள், எந்தக் காது கேளாது. அல்சேஷனுக்கு வீடு தேடித் தரும் அதே ஆட்கள் இதற்கும் தேடுவார்கள். சாதி நாயைத் தேடி வருகிறவர் அந்தத் தாளையும் வாசிக்கட்டும்.

உங்கள் வீட்டிலோ உறவுக்குள்ளோ யாராவது வெளிநாட்டுக்கு வெளிக்கிடுகிறார்கள் என்றால், டிக்கெற் போட்ட பிறகு நாயைப் பற்றி யோசிக்க விடாதீர்கள். ஆறு மாதம் முன்னமே கேளுங்கள்: இதைக் கொண்டுபோகிறீர்களா, இல்லாவிட்டால் யார் பார்ப்பது? கொண்டுபோவதில்லை என்றால் அந்தத் தாளை அன்றைக்கே அவர்களோடு இருந்து எழுதுங்கள். நாயைப் பற்றி முழுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான், விமானம் ஏறிய பிறகு கேட்டு எழுத ஆள் இருக்காது. குட்டி ஒன்று வாங்கும் யோசனை உங்கள் வீட்டில் இருந்தால், காசு கொடுக்க முன்னம் பக்கத்துக் காப்பகத்துக்கு ஒருக்கா போய், இங்கே ஆகப் பழைய நாய் எது என்று கேட்டுப் பாருங்கள்.